நானூறு சிசி

எங்கள் ஊர் மிராசுதாரின் அம்பாசடருக்கு எஞ்சின் ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது சிசி. நான் பிற்பாடு வாங்கிய பழைய பத்மினிக்கு ஆயிரத்து எண்பத்தொன்பது. சின்ன வயதில் அந்த அம்பாசடர் மேல் எனக்கு ஒரு கண். அக்காவின் பிரசவத்தன்று அது வன்மமாக மாறியது.

அன்று நல்ல மழை. மிராசுதாரின் நிலத்தைத்தான் அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். நன்னிலம் ஆஸ்பத்திரி வரைக்கும் கார் வேண்டும் என்று அவர் வாசலில் போய் நின்றார்.

"சேத்துக் காலோட ஏறி சீட்ட பாழாக்கிடுவீங்க. மாட்டு வண்டியில போங்கப்பா" என்றார் மிராசுதார்.

மாட்டு வண்டி போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. அக்கா பிழைத்தாள். நான் மறக்கவில்லை, மறக்க முயலவும் இல்லை.

லாரி ஓட்டிக் காசு சேர்த்துத்தான் பத்மினியை வாங்கினேன். எது ஒசத்தி என்று ஊரில் ஒரே பேச்சு. நியாயமாகச் சொல்கிறேன், பள்ளம் மேடு என்றால் அம்பாசடர்தான். உயரம் அதிகம், பட்டை ஸ்பிரிங், பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் பத்மினி கால் டன் எடை குறைவு. நல்ல ரோட்டில் சட்டென்று வேகம் பிடிக்கும், பெட்ரோலும் கம்மியாகக் குடிக்கும். மிராசுதார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னடா, தீப்பெட்டி ஓடுதா?" என்பார். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

உழுகிறவர்களைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி அரசாங்கம் மேடைக்கு மேடை முழங்கிய காலம். அப்பாவும் மனுப் போட்டார். மிராசுதார் ஆட்சேபித்தார். நன்னிலம் தாலுகா ஆபீசில் பதினொரு மணிக்கு விசாரணை. பதிவாகாவிட்டால் குறுவைக்கு அடுத்து வரும் தாளடி நடவுக்கு அப்பா வயலில் இறங்க முடியாது.

அப்போது குறுவை அறுப்பு. அடித்த வைக்கோலைப் பெண்கள் ரோட்டில் பரப்பியிருந்தார்கள். மிச்ச மணிகளைப் போகிற வண்டிச் சக்கரங்கள் உதிர்த்துவிடும். கனமாகக் கிடந்தால் கார்க்காரர்கள் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்பார்கள், பெண்கள் ஒதுக்கி வழி விடுவார்கள். மிராசுதார் அறுப்புக்காரிகளிடம் வழி கேட்பவரா? விசாரணையன்று காலை, தன் வண்டி உயரம் என்ற தைரியத்தில் மேலே ஏற்றிவிட்டார். வைக்கோல் அடியில் சுழலும் ஷாஃப்டில் கயிறாக முறுக்கிக்கொண்டது. அம்பாசடர் நின்றுவிட்டது. ஓரத்துச் சேற்றில் இறங்கி அதை இழுத்துப் பார்த்ததில் அவருக்கு முழங்கால் வரை சேறு.

பின்னாலேயே பத்மினியில் அப்பாவோடு நான் வந்தேன். அந்தப் பெண்களில் அக்காவும் இருந்தாள். "அக்கா, கொஞ்சம் ஒதுக்கு" என்றேன். வழி விட்டார்கள்.

மிராசுதார் ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, நானும் அங்கதான் போவணும். பின்னாடி ஒக்காந்துக்கிறேன்."

"வாங்க. வாய்க்கால்ல கால மட்டும் கழுவிட்டு வந்துடுங்க. சீட்டு பாழாயிடும்" என்றேன்.

"நல்லா தேச்சுக் கழுவுங்க" என்றாள் அக்கா.

அத்தனை பெண்களும் பார்க்க, அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். அப்பா என்னைப் பார்க்காமலே, "நேரமாவுது" என்றார். கியரைப் போட்டேன். சுத்தமான காலோடு அவர் கரையேறி நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆபீசில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. அப்பாவின் பெயர் பதிவானது.

திரும்பும் வழியில் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. உள்ளே மிராசுதார், நன்னிலத்துக்குத்தான் இன்னும் போய்க்கொண்டிருந்தார். அக்காதான் வண்டி பிடித்து ஏற்றிவிட்டாளாம்.