கற்பூரம் சுட்ட கை

ஞானஜோதியின் வலது உள்ளங்கையில் ரேகை கிடையாது. சேலையூரில் ஒரு வீட்டில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் வளையல் ஒன்று காணாமல் போனது. வீட்டுக்காரர் பூஜை அறையிலிருந்து கற்பூரத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து ஏற்றினார். "நீ எடுக்கலேன்னா சுடாது" என்றார். எடுக்காததால் சுடாது என்று அவளும் நம்பிக் கையை நீட்டினாள். நெருப்புக்கு நியாயம் தெரியாது, தோலைத்தான் தெரியும். அலறியவளின் மணிக்கட்டை, கற்பூரம் எரிந்து அணையும்வரை அவர் விடவில்லை. பிறகு திருடி என்று தீர்ப்புச் சொல்லி, முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினார்கள்.

அந்தக் கை ஆறுவதற்குள் அவள் தொடங்கியதுதான் வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கம். மேடவாக்கத்திலிருந்து வண்டலூர்வரை எந்த அடுக்குமாடியில் எந்தப் பெண் அடி வாங்கினாலும் போன் அவளுக்குத்தான் வரும். போன இடத்தில் துடைப்பத்தால் அடித்திருக்கிறார்கள். நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். மறுநாள் அதே கேட்டில் நிற்பாள்.

போன மே மாதமும், வீட்டுவேலை செய்யும் பெண் ஒருத்தியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, கெசியாவ வூட்டுக்குள்ள வச்சு பூட்டிகினாங்க. செயின் காணோமாம். அடிக்கிறாங்கக்கா."

மேடவாக்கத்துக் குடியிருப்பு ஒன்று. கேட்டில் காவலாளி மறித்தான். "சங்கத்துக்கெல்லாம் என்ட்ரி கெடையாதும்மா."

"சங்கம் வெளியவே நிக்கட்டும்பா. நான் மட்டும் போறேன்."

அவன் முந்தானையைப் பற்றினான். அது கிழிந்து அவன் கையில் தங்கியது. அவள் படியேறிவிட்டாள்.

வீட்டுக்காரர் ஷ்யாம்சுந்தர், மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். கதவு தட்டுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று எண்ணித் திறந்தார். கூடத்தில் கெசியா மண்டியிட்டிருந்தாள். உதடு கிழிந்து ரவிக்கையெல்லாம் ரத்தம். வெற்றிலையில் மை போட்டுப் பார்த்த ஒருவன் 'வேலைக்கு வரும் கறுத்த பெண்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் பட்டதாரிகள். வெற்றிலைக்குக் கண் எப்போது முளைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தோத்தாத்ரி பித்தளைத் தட்டில் கற்பூரத்தோடு நின்றார்.

கெசியாவின் கை ஏற்கனவே நீண்டிருந்தது.

"நீ சும்மா இரு அக்கா. பைபிள்ல அக்கினிச் சூளையில போட்டவங்களையே கர்த்தர் கைவிடல. எனக்குச் சுடாது."

"எனக்கும் அப்படித்தான்டி சொன்னாங்க." ஞானஜோதி தன் உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேராக விரித்தாள். "பாரு. இந்தக் கையால எவ வூட்டுல போய்த் துணி புழிவ?"

"டிராமா வேணாம். கற்பூரம் ஏத்த அவளே ஒத்துக்கிட்டா" என்ற ஷ்யாம்சுந்தர், கற்பூரத்தைக் கெசியாவின் கையில் வைத்துப் பற்றவைத்தார்.

ஞானஜோதி அதை அப்படியே அள்ளினாள். தீ அவள் கையில் எரிந்தது. செத்த தோலுக்கு வலி எட்டவில்லை. கருகும் வாடை மட்டும் கூடமெங்கும் பரவியது.

தோத்தாத்ரி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பிவிட்டார். "இவளுக்குச் சுடலையே! சத்தியம்!"

"சத்தியமும் இல்ல, மண்ணும் இல்ல. மரத்துப்போன தோலு சார். மூக்கு கீதுல்ல, மோந்து பாரு." எரியும் கையை ஷ்யாம்சுந்தரிடம் நீட்டினாள். "இப்ப நீ புடி. செயின் நெசமாவே காணோம்னு சத்தியம் பண்ணு. பொய் சொல்லலேன்னா சுடாதுல்ல?"

அவர் துள்ளிப் பின்வாங்கினார். அடுத்த கணம் பித்தளைத் தட்டைப் பிடுங்கி அவள் நெற்றியில் ஓங்கி அடித்தார். புருவம் பிளந்தது. இன்னொருவர் முதுகில் உதைத்தார். அவள் கெசியாவின் மணிக்கட்டை விடாமல் இழுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, படியிறங்கினாள்.

போலீஸ் ஸ்டேஷனில், இருபக்கமும் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரத்தத்தக் கழுவிக்கினு வாம்மா மொதல்ல."

"நீங்க கேஸ் எழுதுங்க சார். அப்புறம் கழுவிக்கிறேன்."

ரத்தம் காய்ந்து கறுத்தது. வந்துபோனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் எழுதினார்கள்.

வெளியே வந்ததும் கெசியா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"கர்த்தர்தான்க்கா காப்பாத்துனாரு."

"ஆமாண்டி. முந்தான கிழிஞ்சு வந்தாரு பாரு, அவருதான்."

மறுநாள் காலை, நெற்றித் தையலோடும் கட்டுப்போட்ட கையோடும் ஞானஜோதி அதே கேட்டில் நின்றாள். வேலைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, கட்டைப் பிரித்துக் கையைக் காட்டினாள். காவலாளி அவள் சேலையைத் தொடவில்லை.