ஓடாத சிவப்பு முள்

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் கட்டடங்களில் ‘லிஃப்ட் மாமா’ என்பார்கள். எனக்கும் மாமாதான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில், லிஃப்டில் ஏறுகிறவர்களைத் திட்டுவது அவர் பொழுதுபோக்கு. யாராவது அலறியடித்துக் கூப்பிட்டால் போவார். கதவு இடுக்கில் பிஸ்கட் உறை சிக்கியிருக்கும், இல்லாவிட்டால் நிறுத்தும் சுவிட்சை யாரோ தட்டிவிட்டிருப்பார்கள். சரிசெய்துவிட்டு, "மெஷின் கெடலைங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியல" என்பார். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படிப்பட்டவர் கையில் முள் ஓடாத ஒரு வாட்ச்.

கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிப் போட்டது. பெரிய வட்டத்துக்குள் குட்டி வட்டங்கள், சாவிக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். விமானம் ஓட்டுகிறவர் கட்டுவது மாதிரி இருக்கும். மணி சரியாகக் காட்டும். ஆனால் நடுவில் இருக்கும் நீளமான சிவப்பு முள் மட்டும் பன்னிரண்டை விட்டு நகராது. ஒரு குட்டி வட்டத்தில் ஏதோ பொடி முள் ஓடிக்கொண்டிருக்கும். மாமா கல்யாணத்துக்கு மறுநாளே பொத்தான்களை அமுக்கிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. அவை சும்மா அழகுக்கு என்று முடிவு கட்டிவிட்டார். மாமனார் பழுதான சரக்கைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்றும்.

கேட்டாரா? கேட்க மாட்டார். கேட்டால் பெருந்தன்மை போய்விடுமே. அதற்குப் பதிலாகத் தினமும் அதையே கட்டினார். அக்காவோடு சண்டை வந்தால் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை அவள் முன்னால் நீட்டுவார், வேறு பேச்சே தேவையில்லை. அப்பா வந்துவிட்டால் நொடிக்கொரு தரம் மணி பார்ப்பார். அப்பாவோ அந்தக் கையைத் தவிர வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பார்ப்பார். "பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு" என்று மாமா அக்கா காதில் ஓதுவார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அப்பாவின் முழங்கால் போகும் வரை. அம்மா போன பிறகு அவர் தனியாக, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தார். பால் வாங்க இறங்கினால் மேலே ஏறுவதற்குள் பால் திரிந்துவிடும். அக்கா வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அங்கே லிஃப்டும் உண்டு, மாமாவே எண்ணெய் போட்டு வைத்திருப்பது. அக்கா கெஞ்சினாள், அழுதாள். "மாப்பிள்ளை வீட்ல எந்த முகத்தோட போய் உக்கார்றது?" என்றார் அப்பா. மாமாவும் வாயைத் திறந்து வாங்க என்று சொல்லவில்லை. இரண்டு பேர் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீச்சல் கற்றுக்கொடுக்கும் ஒருவருடைய கட்டடத்தில் லிஃப்ட் நின்றது. வழக்கம்போல சுவிட்ச்தான். மாமா தன் வரியை இழுத்து, அனுபவித்துச் சொன்னார். அந்த ஆள் கோபப்படவில்லை. மாமாவின் கையையே பார்த்தார்.

"அண்ணே, இந்த முள்ளை நீங்க ஓட விடுறதே இல்லையா?"

"அது செத்து ரொம்ப வருஷமாச்சு தம்பி."

அவர் மாமாவின் கையைப் பிடித்து, மேல் பொத்தானின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருகினார். தண்ணீர் புகாமலிருக்கப் போட்ட பூட்டு அது. தளர்ந்ததும் பொத்தானை அமுக்கினார். சிவப்பு முள் கிளம்பி ஓடியது.

"மெஷின் கெடலைண்ணே" என்றார். மிச்சத்தை மரியாதைக்காக விழுங்கிவிட்டார்.

மாமா நேராக என் வீட்டுக்கு வந்தார், அக்காவிடம் போகத் தைரியம் இல்லை. "இது க்ரோனோகிராஃபாம், உள்ளயே ஸ்டாப்வாட்ச் வச்சதாம்" என்று ஆரம்பித்தார். நொடி காட்டுவது அந்தப் பொடி முள்தானாம். சிவப்பு முள் நாம் கூப்பிட்டால்தான் வருமாம். மேல் பொத்தானை அமுக்கினால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு இன்னொரு சக்கரம் போய்ப் பல்லோடு பல் சேரும், வண்டியின் கிளட்ச் மாதிரி. மறுபடி அமுக்கினால் விலகும், முள் நிற்கும். நின்ற பிறகு கீழ்ப் பொத்தானை அமுக்கினால் ஒரு குட்டிச் சுத்தியல் தட்டி முள்ளைப் பன்னிரண்டுக்கே அனுப்பிவிடும்.

"இதெல்லாம் போன்லயே இருக்கே மாமா. இப்ப யாருக்கு இது வேணும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். ஈரக் கையில போன் சொன்ன பேச்சு கேக்காதாம், பொத்தான் கேக்குமாம். ஆனா இதைக் கட்டுறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அமுக்குறதே இல்லையாம்." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே."

நான் சொல்லவில்லை. அக்கா அன்றைக்கு என் வீட்டில்தான் இருந்தாள், கதவுக்குப் பின்னால்.

"கிளம்புங்க" என்றாள்.

மூன்று பேரும் மூன்று மாடி ஏறினோம். அப்பா கதவைத் திறந்தார், வழக்கம்போல அந்தக் கையைப் பார்க்காமல். மாமா வாசலிலேயே வளையத்தைத் திருகி, பொத்தானை அமுக்கி, கையை நீட்டினார்.

"வாட்ச் நல்லா இருக்கு மாமா. எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

சிவப்பு முள் ஒரு சுற்று முடிக்கும் வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்புறம் ஏன் அந்தக் கடைக்காரன் முள் ஓடலைன்னு சொல்லி பாதி விலைக்குக் குடுத்தான்?"

அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு நான். அப்பா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சேதான் வாங்கினேன் மாப்பிள்ளை. அப்ப என்னால முடிஞ்சது அவ்வளவுதான். நீங்க ஒரு வார்த்தை கேக்கலை. கழட்டியும் வைக்கலை. தினமும் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. இவ்வளவு பெரிய மனசுள்ளவர் முன்னால நான் எப்படி வந்து உக்கார்றது?"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாராவது ஓங்கி அறைந்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. உண்மையைப் போட்டு உடைக்க நான் வாயைத் திறந்தேன். அக்கா என் இடுப்பில் கிள்ளினாள்.

மாமா அப்பாவுக்கு முன்னால் திரும்பிக் குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டினார். "ஏறுங்க மாமா, வீட்டுக்குப் போவோம்."

அப்பா வேண்டாம் வேண்டாம் என்றபடியே ஏறிக்கொண்டார். பையை நான் தூக்கிக்கொண்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், தன் காலைத் தாங்கியிருந்த மாமாவின் கையில் வாட்ச் இன்னும் ஓடுவதை அப்பா கவனித்தார்.

"மாப்பிள்ளை, இதை நிறுத்தலையா?"

"ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு மாமா. மேல் பொத்தானை நீங்களே அமுக்குங்க" என்றார் மாமா மூச்சிரைக்க.

அப்பா கையை நீட்டினார். பொத்தான் மேல் விரலை வைத்தவர், அமுக்காமல் எடுத்துக்கொண்டார்.

"ஓடட்டும் விடுங்க. இத்தனை வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு."