ஏரி நடுவில் முருகன் நிறுத்திய மோட்டார்

மச்சானின் பரிசல் மட்டும் கவிழ்ந்து மிதந்தது. மச்சானைக் காணவில்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அது. பெங்களூரு ஓரத்தில் ஒரு பெரிய ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றுவது எங்கள் தொழில். மச்சான் சேகர் என் மனைவி ஜெயந்தியின் அண்ணன். நீச்சல் தெரியாதவர், பனிமூட்டத்தில் தனியாகப் போயிருக்கிறார். அவருடைய மிதவைச் சட்டை கரையில் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எங்கள் படகு மங்களூரில் வாங்கிய பழைய படகு. அதன் மோட்டாரை நான் கைக்குழந்தை மாதிரி பார்ப்பேன். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓடவிட்டு, உள்ளே போன ஏரிச் சாக்கடையைக் கழுவுவேன். ஓடும்போது, மோட்டாரைக் குளிரவைத்த தண்ணீர் பக்கவாட்டில் ஒரு சின்னத் துவாரம் வழியாகப் பீச்ச வேண்டும். "ஒண்ணுக்குப் போகுதா?" என்றுதான் மெக்கானிக்குகள் கேட்பார்கள். போகவில்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் காலி.

அன்று அவசரத்தில் அதைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். கூட வேலை செய்யும் பசவராஜ் முன்னால் நின்று தேடினான். "முருகா, மச்சானைக் காட்டு. அதுவரைக்கும் மோட்டார் நிக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

ஏரி நடுவில் திரும்பிப் பார்த்தால் துவாரம் காய்ந்து கிடக்கிறது. வேறு வழியில்லை, நிறுத்தினேன். "இதுக்காடா உனக்கு வருஷா வருஷம் காவடி எடுத்தேன்?" என்று வாய்விட்டுத் திட்டினேன்.

"சும்னிரி அண்ணா!" என்றான் பசவராஜ். சும்மா இருங்கள் என்று கன்னடத்தில் சொல்கிறான். "யாரோ கூப்பிடறாங்க."

வாயை மூடினேன். "மாப்ளே..." என்று தேய்ந்துபோன ஒரு குரல்.

துடுப்புப் போட்டுப் போனோம். ஆகாயத்தாமரைக் குவியலைக் கட்டிப்பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் மச்சான். தூக்கிப் படகில் போட்டோம்.

"ரெண்டு தரம் பக்கத்துலயே போனீங்க மாப்ளே. கத்துனேன். மோட்டார் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கை நழுவியிருக்கும்.

கரைக்கு வந்து துவாரத்தில் கம்பியை விட்டேன். காய்ந்த சந்தனமும் குங்குமமும் உதிர்ந்தன. மோட்டாரை ஓடவிட்டதும் தண்ணீர் ஜோராகப் பீச்சியது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு அழுத ஜெயந்தி என்னைப் பார்த்தாள். "நான்தாங்க பூஜையில வச்சேன். பொட்டு வைக்கிறதுக்குன்னே பண்ண ஓட்டை மாதிரி இருந்துச்சு."

மோட்டார் நிற்கக் கூடாது என்று நான் கேட்டேன். அது நின்றால்தான் மச்சான் கிடைப்பார் என்று முருகனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து என் வேண்டுதல் சுருங்கிவிட்டது. காப்பாற்று என்று மட்டும் கேட்கிறேன், எப்படி என்று சொல்லிக்கொடுப்பதில்லை. தினமும் ஏரி நடுவில் மோட்டாரை நிறுத்திக் கொஞ்ச நேரம் காது கொடுக்கிறேன். அன்பர்களே, கேட்டது நடக்கவில்லை என்று உங்களுக்கும் ஆத்திரம் வரும். திட்டுங்கள், அவன் தாங்குவான். திட்டி முடித்ததும் சற்றே சும்மா இருந்து பாருங்கள்.

இந்த வருட ஆயுத பூஜையில் ஜெயந்தி சந்தனக் கிண்ணத்தோடு மோட்டார் முன்னால் தயங்கி நின்றாள். "அங்கேயே வை" என்றேன். பூஜை முடிந்ததும் நானே கம்பியால் குத்தி எடுத்தேன். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற மச்சான், அந்தச் சந்தனத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார்.