கூரைமேல் காய்த்த காணிக்கை

சித்தூருக்கு மாற்றல் வந்தபோது என் அம்மா கப்பலேற்றி அனுப்புவதைப்போல அழுதாள். திருநெல்வேலியிலிருந்து ஒரு நாள் பயணம், அவ்வளவுதான். ஆனால் அங்கே போர்டெல்லாம் தெலுங்கு என்று யாரோ சொல்லிவிட்டார்கள்; அம்மாவுக்கு அது வெளிநாடு. வங்கியில் தெலுங்கிலும் டீக்கடையில் தமிழிலும் பேசி, கோபம் வந்தால் இரண்டையும் கலந்துகொள்ளும் ஊர் அது. எனக்குச் சிரமமில்லை. எந்த மொழியிலும் நான் அதிகம் பேசுவதில்லை.

குடியிருக்க இன்பசேகரன் வீட்டு முன்னறை கிடைத்தது. இது நடந்தது எழுபத்து நாலில். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பஸ் எப்போது வருகிறதோ அப்போது நேரத்தைக் குறித்து விசில் ஊதுவது வேலை. அதே விசிலை வீட்டிலும் காபிக்கு ஊதுவார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவச் சபையில் இருக்கும் குடும்பம். ஒரு வெள்ளைக்கார மிஷனரி தன் தாத்தாவின் தோளில் கைவைத்ததை, நேற்று நடந்ததுபோல, தன் தோளைத் தொட்டுக் காட்டிச் சொல்வார். அவர் மனைவி மேரி அக்காவுக்குச் சொல்ல ஒன்றுமில்லையா, நேரமில்லையா என்பது எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

அவர்கள் பண்டிகைகளில் நான் முதலில் பார்த்தது அறுப்பின் பண்டிகை. நிலத்தில் விளைந்த முதல் பலனை ஆண்டவருக்குக் கொடுக்கும் நாள். சபையில் நிலம் வைத்திருந்தவர்கள் நாலே குடும்பம்; மற்றவர்கள் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், நர்சுகள். ஃபைலையும் ஊசியையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. எனவே முந்தின நாள் மார்க்கெட்டுக்குப் போய்த் தங்கள் முதல் பலனைப் பேரம் பேசி வாங்கி வருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். கொடுத்தவரே கூடுதல் விலைக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைப்பதுதான் மரியாதை.

எல்லோரும் இப்படித்தான். மாட்டிக்கொண்டவர் மட்டும் இன்பசேகரன். முந்தைய வருடம் அவர் கொடுத்த பரங்கிக்காயின் அடியில் கடைக்காரர் சுண்ணாம்பால் போட்டிருந்த எடைக்குறி அழியாமல் இருந்தது. ஏலம் போட்ட சபைச் செயலர் தியோடர் அதைக் கண்ணாடி போட்டு உரக்கப் படித்தார். அன்றிலிருந்து ஊரில் அவர் சுண்ணாம்பு இன்பம். டிப்போ கண்டக்டர்கள்வரை தெரிந்துவிட்டது.

"இந்த வருஷம் பாரு தம்பி," என்றார் என்னிடம். "நம்ம ஊட்டுக் காயி. கூரை மேல வுட்டுக்கீறேன். தியோடர் வாய மூடலைன்னா நான் அந்தக் கோயிலுக்கே போவமாட்டேன்."

கொடி படர்ந்தது, பூத்தது, ஒரு காய் நின்றது. தினமும் மாலையில் நாற்காலியைப் போட்டு அதை அண்ணாந்து பார்த்து, "வளந்துக்கினு கீது" என்று அறிக்கை வெளியிடுவார். என் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். காலையில் அங்கே உட்கார்ந்து புதுக்கவிதை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்போது கூரையில் நடந்ததையும் பார்த்தேன்.

பண்டிகையன்று காயைத் தன் தோளில் தானே சுமந்து போனார். யாரையும் தொடவிடவில்லை. ஏலத்தில் அதன் முறை வந்தது. தியோடர் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா இன்பம், இந்த வாட்டி நல்லா தேச்சிக் கழுவிட்டியா?"

முற்றமே சிரித்தது.

"ஐயா, இது எங்க ஊட்டுக் கூரைல காச்சது. சத்தியமா."

"கோயில்ல நின்னுக்கினு சத்தியம் பண்ணாதப்பா. போன வருஷமும் தோட்டத்துக் காயின்னுதான் சொன்ன."

"தோட்டத்துதுதான! யாரு தோட்டம்னு நீங்க கேக்கல."

சிரிப்பு இரட்டிப்பானது. இன்பசேகரனின் காது சிவந்துவிட்டது. இன்னொரு வருடம் அந்தப் பெயரோடு அவரால் விசில் ஊத முடியாது என்று முகத்திலேயே தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சாட்சி கீது ஐயா! எங்க ஊட்ல குடியிருக்கிற தம்பி. பேங்க்ல வேலை. சிவன் கோயிலுக்குப் போறவரு, அவருக்கு நம்ம சபைல இன்னா லாபம்? நீயே சொல்லு தம்பி!"

நான் படித்த கவிதைகளில், கூட்டத்தின் நடுவே ஒருவன் கத்துவான், யாருக்கும் கேட்காது. இங்கே இருநூறு பேர் கேட்கக் காத்திருந்தார்கள்.

"கூரையில காச்சதா?" என்றார் தியோடர்.

"ஆமா."

"இவருதான் வளத்தாரா?"

அதற்கும் ஆமாம் என்றிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். பேசாதவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தும் இடம் தெரிவதில்லை.

"அக்கா வளத்தாக. காலைல அஞ்சரைக்கு ஏணி வச்சு ஏறி அரிசி கழுவுன தண்ணி ஊத்துவாக. காய் அழுகிரக் கூடாதுன்னு அடியில வைக்கோல் புரி சுத்தி வச்சாக. அண்ணாச்சி சாயங்காலம் கீழ உக்காந்து பாப்பாக."

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. பெண்கள் சங்கத் தலைவி ஞானம்மாள் எழுந்தார்.

"அப்பொ நோட்டுல பேர மாத்துங்க ஐயா. மேரின்னு போடுங்க."

"குடும்பத் தலைவர் பேர்லதாம்மா எழுதற வழக்கம்."

"ஏணில ஏறினது தலைவரா?"

தியோடர் பேனாவை எடுத்துக் காணிக்கை நோட்டில் இன்பசேகரன் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். பிறகு வேறு வழியில்லாமல், கூரையில் விளைந்த பரங்கிக்காய் ஒன்று, கொடுத்தவர் சகோதரி மேரி என்று உரக்க வாசித்தார். அக்கா எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், ஈரமில்லாத கைகளை முந்தானையில் துடைத்தார். இன்பசேகரன் ஏலத்தில் ஒரு தரம் கேட்டார். பிறகு விட்டுவிட்டார். பெண்கள் சங்கமே கூடிக் காயை எடுத்தது. அன்று யாரும் சுண்ணாம்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது. ஆனால் மனிதர் மகிழ்ச்சியாகத் தெரியவில்லை.

மத்தியானம் பண்டிகைச் சாப்பாட்டுக்கு என்னையும் உட்கார வைத்தார்கள். இன்பசேகரன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டத சொல்லணும். கேக்காதத யாரு சொல்லச் சொன்னது? ஒண்ணாம் தேதிக்கு வேற ரூம் பாத்துக்கச் சொல்லு மேரி."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அக்கா கறிக்குழம்புச் சட்டியோடு வந்து, முதலில் எனக்கு ஊற்றினார். அந்த வீட்டில் அது அதுவரை நடந்ததில்லை.

"தம்பி எங்கயும் போவாது," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், உப்பு போதுமா என்று கேட்பதைப்போல. "உங்களுக்குக் குழம்பு ஊத்தட்டா, வேணாமா?"

இன்பசேகரன் சோற்றின் நடுவே குழி செய்தார். பிறகு தட்டை நீட்டினார்.