பொட்டு வைத்த சிடி

வில்லியனூரில் பாக்யராஜ் கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. எடுத்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு மாஸ்டர் சிடியைக் கடை அலமாரியில் வைத்துக்கொள்வார். "உங்க வூட்டுல தொலைஞ்சாலும் எங்கிட்ட இருக்கும்" என்பது அவர் கொடுக்கும் வாக்கு. ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் அந்த வாக்கை நம்பி நெட்டப்பாக்கத்திலிருந்து செல்வகுமாரி வந்தார்.

அவர் கணவர் சாமிநாதன் இறந்தபோது மகள் வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்குக் கல்யாணம். அப்பா குரலை ஒரு தடவையாவது கேட்கணும் என்கிறாளாம். அந்தக் குரல் இருப்பது ஒரே இடத்தில்தான்: வரவேற்பு மேடையில் சாமிநாதன் மைக்கைப் பிடித்துப் பேசிய நான்கு நிமிடம்.

செல்வகுமாரி கொண்டுவந்த சிடியின் மேல்பக்கம் மணமக்கள் படம் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை நெற்றியில் காய்ந்த சந்தனம்.

"இன்னா தங்கச்சி இது?"

"சாமி ரூம்லதான் வச்சிருந்தேண்ணே. வெள்ளிக்கிழமை தவறாம பொட்டு வப்பேன். ஆனா பளபளன்னு இருக்கிற பக்கத்த ஒரு நாளும் தொட்டதில்ல."

"அதான் சரி. அந்தப் பக்கத்துலதான் படமே இருக்குது."

பிளேயர் சிடியை ஏற்கவில்லை. துடைத்துப் போட்டார். மறுபடியும் ஏற்கவில்லை. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சரியாகப் பொட்டு இருந்த இடத்தில் வெளிச்சம் ஊசிமுனையாக இந்தப் பக்கம் வந்தது. வீடியோ பதிந்திருப்பது கீழ்ப்பக்கத்தில் இல்லை, மணமக்கள் படம் ஒட்டிய மேல்பக்கத்துப் பூச்சுக்கு அடியில் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வாராவாரம் வைத்த ஈரச் சந்தனம் அந்தப் பூச்சைத்தான் அரித்திருந்தது.

"பயப்படாத," என்றார். "உனக்குக் குடுத்தது எஸ்விசிடி. படம் பளிச்சுனு இருக்கும், ஆனா ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தணும். ஓட்டை வுழுந்தா அதுவும் ரெண்டு மடங்கு தடவ குறுக்க வரும். எங்கிட்ட இருக்கிற மாஸ்டர் பழைய விசிடி. மூஞ்சி மங்கலாத்தான் தெரியும், ஆனா மெதுவா சுத்தும். அடி தாங்கும்."

"மூஞ்சிக்கு போட்டோ இருக்குது. குரல் வந்தா போதும்ணே."

அலமாரிப் பக்கம் போனவர் பாதியில் நின்றார். போன வாரம்தான் கேமரா, லைட்டுக்கெல்லாம் பொட்டு வைத்தார். சிடிகளையும் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மேல்பக்கத்தில் பொட்டு வைத்தார். தொழில் பண்ணும் பொருள் எதுவும் விடுபடக் கூடாது என்று, வருடம் தவறாமல், தன் விரலாலேயே.

சாமிநாதன் சிடியில் சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

துடைக்கப் பயந்து, அப்படியே பிளேயரில் போட்டார். ஓடுவது கணினியில் பதிவாகவும் வழி செய்தார். மேடை தெரிந்தது. சாமிநாதன் மைக்கை வாங்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"எல்லாரும்..." என்றது குரல். ஒரு நொடி அமைதி. "எல்லாரும்..."

பிறகு திரை நீலமானது.

"இன்னொரு தடவ போடுங்கண்ணே."

போட்டார். அந்த ஒரு சொல்லும் இப்போது வரவில்லை. வெளியே எடுத்தபோது காய்ந்த சந்தனம் பெயர்ந்து அவர் விரலோடு வந்தது. அதன் அடியில் சிடிப் பூச்சின் ஒரு வெள்ளிச் செதில்.

பதிவான சொல்லைச் செல்வகுமாரியின் போனுக்கு அனுப்பினார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார். பாக்யராஜ் அலமாரியிலிருந்து அடுத்த சிடியை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்க அவருக்குக் கை வரவில்லை.