ராசம்மாக்கா கூப்பிடாத பெயர்

நான் ஓட்டுவது த்ரீவீல்; புத்தி மட்டும் ஒற்றைச் சக்கரத்தில் ஓடுகிறது. இதை நானே சொல்லிவிட்டால் நீங்கள் சொல்லத் தேவையில்லை. பேய் வந்தாலும் அரைக் கூலிக்குத்தான் பேரம் பேசும் என்று கேலி செய்து திரிந்தவன் நான்.

மாத்தளை டவுனில், சந்தைக்குப் பின்னால் எங்கள் லயன் இருந்தது, ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து அளந்து, சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் அதன்மேல் காலண்டர் மாட்டுவோம். கடைசியில் ஒருநாள் இடித்துத் தள்ளுகிற பெக்கோ மெஷின் வந்தே விட்டது. கார் நிறுத்த இடம் வேண்டுமாம். எங்களுக்கு உக்குவளைப் பக்கம் தொடர்மாடியில் வீடு கொடுத்தார்கள்.

வீடு மாறும்போது வாசலில் சூடம் கொளுத்தி, அங்கே வாழ்ந்து செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூடவே வரச்சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். அடுத்த வீட்டு ராசம்மாக்கா தன் புருஷனைக் கூப்பிட்டார். மகன் செல்வத்தைக் கூப்பிடவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போனவன், வருஷக்கணக்கில் தகவல் இல்லை.

"எம்புள்ள உசுரோட இருக்கான். வந்து கேட்டா வழி சொல்லு தம்பி" என்றார்.

வீட்டை இடித்துத் தள்ளிய பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம் பார்த்தேனோ, பகிடிதானோ, மிச்சமிருந்த சூடத்தைக் கல்மேட்டில் கொளுத்தி, "டேய் செல்வம், ஒங்கம்மா மூணாம் மாடியில இருக்காங்க, லிஃப்ட் கெடையாது, ஏறி வாடா" என்று கத்தினேன்.

மறுநாள் பகல் அக்காவின் புது வீட்டில் பல்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன், யாரோ கதவைத் தட்டினார்கள். நம்பினால் நம்புங்கள், கதவு பலகை, கேட்டது தகரச் சத்தம். லயன் வீட்டுத் தகரக் கதவைச் செல்வம் உள்ளங்கையால் தட்டுவானே, அதே தட்டு. அந்தக் கதவைப் பெக்கோ அப்பளமாக நொறுக்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஓடிப்போய்த் திறந்தேன். வெளியே வெயில்தான் கிடந்தது.

அக்கா எழும்பவே இல்லை. சூடம் கொளுத்தினாயா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். மகனுக்கென்று தினமும் மூடிவைக்கும் சோற்றுத் தட்டை எடுத்து, மாலை போட்ட புருஷன் படத்துக்கு முன்னால் வைத்தார்.

பிறகு அந்தக் கதவை நான் எத்தனையோ விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டேன், பலகைச் சத்தம்தான் வருகிறது. ஆனால் பகலில் சில நேரம், யாரும் தொடாமலே, தகரம் கேட்கிறது. போன வாரமும் கேட்டது. காற்றாக இருக்கும் அக்கா என்றேன்.

"காத்தையா நீ கூப்புட்ட?" என்றார்.