இரண்டு சாண் இடம்

என் மேசையில் ஒரு பழைய மவுஸ் இருக்கிறது. முதுகெல்லாம் ஓட்டை. தேன்கூட்டைப் பார்த்துச் செய்தது என்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் முறுக்கு அச்சு ஞாபகம்தான் வரும். வயரில் இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் புதிதாக ஒன்று வாங்கேன் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஒரு மவுஸ் வாங்குவது எத்தனை பெரிய காரியம் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் பதினோரு வயதிலேயே அதைப் பார்த்தாகிவிட்டது.

எங்கள் ஊர் திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருந்தது. வீட்டில் நானும் அம்மாவும்தான். அத்தா குவைத்தில், பெரிய கடை ஒன்றின் கிடங்கில் சாமான் அடுக்கும் வேலையில் இருந்தார். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் போனவர், நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபிறகும் திரும்பவில்லை. வராமலே இருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் 'அடுத்த பெருநாளுக்கு' வந்துகொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் போன் செய்வார். எங்கள் தெருவில் நெட் வரும் அழகுக்கு வீடியோ போட்டால் அத்தாவின் மூக்கு மட்டும் வந்து அப்படியே நின்றுவிடும். அதனால் வெறும் பேச்சுதான். பெருநாள் சட்டையோடு என்னைப் படம் எடுத்து அம்மா அனுப்புவாள். படத்தில் எல்லா வருடமும் நான் ஒரே உயரம், போன் உயரம். என்னிடம் கேட்க அத்தாவுக்கு நாலு கேள்விகள் இருந்தன: சாப்பிட்டியா, ஓதப் போனியா, பரீட்சை எப்படி, அம்மா சொல்றதைக் கேக்குறியா. நாலுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே ஒரு 'ம்' இருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் தள்ளிவிடுவேன்.

மாமா வீட்டில் புது கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையது எங்களுக்கு வந்தது. அதை வைக்க மேசை கிடையாது. அம்மாவின் தையல் மெஷினை உள்ளே மடக்கி மேலே பலகையை மூடினால் அதுதான் மேசை. திரையைச் சுவர்த் தட்டில் ஏற்றிவிட்டோம். பலகையில் கீபோர்டை வைத்தபின் வலது ஓரத்தில் மிஞ்சுகிற இடம் மவுஸுக்கு. விளையாட்டு சூடு பிடிக்கும்போது என் கால் தன்னை அறியாமல் கீழே மிதிகட்டையை மிதிக்கும், சக்கரம் சுற்றும், அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

மவுஸ்தான் சதிகாரன். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை சொடுக்கும், வலது பக்கம் இழுத்தால் நின்று யோசிக்கும். திருவாரூரிலிருந்து மாமா மகன் லீவுக்கு வருவான். துப்பாக்கி விளையாட்டில் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என்னைச் சுட்டுவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்பான். அவனுடைய லேப்டாப்பையும் மவுஸையும் அவனே பையில் போட்டுக் கொண்டுவருவான், அந்த மவுஸை எனக்குத் தொடக்கூடக் கொடுக்க மாட்டான். அந்த மே மாதம் அவன் வருவதற்குள் எனக்கு நல்ல மவுஸ் ஒன்று வந்தாக வேண்டும். அவனைத் தோற்கடிக்காவிட்டால் பள்ளிக்கூடம் திறந்து என்ன, திறக்காவிட்டால் என்ன.

ஒரு வெள்ளிக்கிழமை 'ம்' சொல்வதற்குப் பதிலாக அத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நான் முடித்ததும், "இன்னும் சொல்லும்மா" என்றார். சொல்ல வேறொன்றும் இல்லை, மவுஸ்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு பெருசு, வெயிட்டா இருக்கு, உள்ளுக்குள்ள லைட்டு எரியுது. கட்டைவிரல் பக்கம் பட்டன் வேற வச்சிருக்கான். இன்னொண்ணு சின்னது, முதுகு பூரா ஓட்டை. கையில எடுத்தா இருக்கறதே தெரியல."

"லைட்டு எரியறது, அத்தா."

"இரும்மா. மேசை எவ்வளவு, கை எவ்வளவுன்னு பாத்துத்தான் எடுக்கணுமாம். இங்க கடையில மலையாளி ஒருத்தர் இருக்காரு, அவருதான் சொன்னாரு. மவுஸ் நகர எவ்வளவு இடம் இருக்கு?"

அங்குலத்தில் சொல்ல அம்மாவின் டேப் வேண்டும். டேப் அம்மாவின் கழுத்தில் கிடந்தது. பள்ளிச் சீருடைத் துணி மலையாகக் குவிந்திருந்த மாதம் அது, கழுத்துப் பக்கம் போனால் கடித்துவிடுவாள். நான் பலகையில் கையை விரித்து வைத்து அளந்தேன்.

"ரெண்டு சாண், அத்தா."

"உன் சாணா?"

"என் சாண்தான்."

"அப்ப சின்னதுதாம்மா சரியா வரும்."

எனக்குச் சுருக்கென்றது. லைட் எரிகிற மவுஸ் அந்த வாரம் முழுக்க என் கண்ணுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. அத்தாவின் அறையில் கூடத் தங்கியிருந்த பொதக்குடிக்காரர் சீக்கிரமே ஊருக்கு வருகிறார், அவர் பெட்டியில்தான் மவுஸ் வர வேண்டும். அதற்குள் அத்தாவின் மனசை மாற்றியாக வேண்டும். அம்மாவிடம் சிபாரிசு கேட்டேன். "ரெண்டும் எலிதானே, எது வந்தா என்ன" என்று சொல்லிவிட்டு அவள் பொத்தான்துளை போடப் போய்விட்டாள்.

பிற்பாடு எனக்குத் தெரிந்தது வேறு. இடம் சின்னது என்றால் கையை வீசி விளையாட முடியாது. மணிக்கட்டாலும் விரலாலும் நகர்த்த வேண்டும், அதற்கு எடை குறைந்ததே நல்லது. அத்தா சொன்ன முடிவு சரிதான். அவர் அதற்கு வந்து சேர்ந்த கணக்குதான் தப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாதாடத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அத்தாவோ சம்பந்தமில்லாமல் கேட்டுக்கொண்டே போனார். ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் மிதிகட்டைக்கு எட்டுகிறதா என்றார். எட்டாமல் என்ன, மிதித்துத்தானே தினமும் திட்டு வாங்குகிறேன் என்றேன். பலகை நெஞ்சுக்கு வருகிறதா, வயிற்றுக்கு வருகிறதா என்றார். வயிற்றுக்கு என்றேன். தட்டில் இருக்கிற திரையை யார் துடைக்கிறார்கள் என்றார். நான்தான் என்றேன். "ஸ்டூல் போட்டு ஏறியா?" என்றார். "நின்னுக்கிட்டே" என்றேன். மவுஸ் வாங்கப் போன மனுஷன் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"அத்தா, பெருசே வாங்குங்க. இடம் பத்தும்."

"ரெண்டு சாண்ல எப்படிம்மா பத்தும். நான் விரலை வச்சு அந்த மலையாளிக்கிட்டக் காட்டினேன். இதுல டீ கிளாஸ் வைக்கலாம், மவுஸ் ஓடாதுன்னு சிரிக்கிறாரு."

"டீ கிளாஸா? கீபோர்டே இன்னொண்ணு வைக்கலாம்."

"வச்சா பாதி தொங்கும்மா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மெஷின் நின்றது. அன்றைக்கு ஒரு பாவாடையின் மடிப்பை இரண்டு முறை பிரித்துத் தைத்த கோபம் அம்மாவுக்கு. எழுந்து மெஷினை மடக்கி, பலகையை மூடி, கீபோர்டை ஓரத்தில் வைத்து, கழுத்து டேப்பை உருவி மிச்ச இடத்தில் போட்டாள்.

"என்னங்க, பதினாலு அங்குலம் இருக்கு. போதுமா? நான் யூனிபார்ம் முடிக்கணும்."

"பதினாலா? ரெண்டு சாண்னுல்ல சொன்னா?"

"அதாங்க ரெண்டு சாண். அவ கைக்கு ரெண்டு சாண்."

அத்தாவிடமிருந்து பேச்சே வரவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். "ஹலோ, ஹலோ அத்தா" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது, அப்படியென்றால் நெட் இருக்கிறது.

"அப்ப ஒரு சாண் ஏழு அங்குலமா?" என்றார் அத்தா.

கணக்குக் கேள்வி எனக்குப் பிடிக்கும். "ஆமா அத்தா, ஏழு ரெண்டு பதினாலு" என்றேன்.

"கையை நல்லா விரிச்சா ஏழா?"

"ஏழு."

"சரிம்மா. பாத்துக்கறேன்" என்றவர் ஸலாம்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். ஒரு மனுஷனுக்கு ஏழாம் வாய்ப்பாடு இத்தனை கஷ்டமா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. இடம் பெரிது என்று இப்போது அவருக்கே தெரிந்துவிட்டது, இனி லைட் எரிகிற மவுஸ்தான். அதை எங்கே வைப்பது, யாரைத் தொடவிடுவது, யாரைத் தொடவிடக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். பலகையைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். ஈரம் உள்ளே இறங்கி ஊசி துரு ஏறிவிடும் என்று அதற்கும் திட்டு விழுந்தது.

பொதக்குடிக்காரர் வந்தது மாமா மகன் வருவதற்கு முந்தின நாள். காலையிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் பேரீச்சம்பழ டப்பா, பால்பவுடர், தைலம், அம்மாவுக்கு ஒரு துணி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு பையை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுவா அந்தப் புள்ள?" என்று அம்மாவிடம் கேட்டார். "நான் வேற யாரோ சின்னப் புள்ளன்னுல்ல நெனச்சேன். எம் மவ கை, எம் மவ கைன்னு ரூம்ல எல்லாருக்கும் காட்டுவாரு. இத்துனூண்டுதான் காட்டுவாரு."

கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விட்டுக் காட்டினார். ஒரு பொம்மையின் கைதான் அதில் அடங்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மவுஸ் எங்க?" என்றேன்.

"மவுஸா? அது நான் கொண்டார்றேன்னு சொன்னப்ப வேணாம்னுட்டாரும்மா. கையைப் பாக்காம வாங்க முடியாதாம். ரெண்டையும் கொண்டாந்து கையில வச்சுப் பாத்து, ஒத்து வர்றதைக் குடுப்பேன்னாரு. முதலாளிக்கிட்ட லீவு சொல்லிட்டாரு. ஒரு மாசத்துல வந்துடுவாரு."

"அவரேவா வர்றாரு?" என்றாள் அம்மா.

"அவரேதான்."

"அவரேவா சொன்னாரு?"

அம்மா ஏன் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. மாமா மகன் நாளைக்கு வருகிறான், ஒரு மாதம் கழித்து மவுஸ் வந்து யாருக்கு என்ன லாபம். அவன் போயே போயிருப்பான். பள்ளிக்கூடமே திறந்திருக்கும். இத்தனை வெள்ளிக்கிழமை அளந்து அளந்து சொன்னேனே, அதற்கு இதுவா? பொதக்குடிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் தெரு திரும்பியதும் அந்தப் பலகையின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அழுது ஓய்ந்து நிமிர்ந்தால், அம்மாவும் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சீருடைத் துணியையே எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பால்பவுடர் டப்பா மடியில் இருந்தது, அதை யாரோ பிடுங்க வருகிறார்கள் என்பதுபோலப் பிடித்திருந்தாள். எனக்காக அம்மா இப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் மவுஸ் வராததற்கு அவளுக்கு இவ்வளவு வருத்தமா! இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழுத்து டேப்பைச் சரியாகப் போட்டுவிட்டுச் சமாதானம் சொன்னேன்.

"விடும்மா. பழைய மவுஸே போதும். இதுக்காகல்லாம் அத்தா வர வேணாம்னு சொல்லிடு."

அம்மா அழுதுகொண்டே என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அவளுக்காக நான் மவுஸையே விட்டுக்கொடுத்த பிறகு எதற்கு அந்தக் குட்டு என்று, தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன்.